ஹாஃப் கிளட்ச் வாங்கிய வீடு

அந்த ஊரில் நடுத்தெருவில் நின்று "புரொபசர்" என்று கூப்பிட்டால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "டாக்டர்" என்றால் இன்னும் பத்துப் பேர் கூடுதலாகத் திரும்புவார்கள். அதில் ஊசி போடத் தெரிந்தவர் நாலு பேர் இருந்தால் அதிசயம். ஆனால் "ஹாஃப் கிளட்ச்" என்று கூப்பிட்டால் ஒருத்திதான் திரும்புவாள்.

அவள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். மலை அடிவாரத்து ஊர் என்பதால் சமதளம் என்று சொல்லிக்கொள்ள அங்கே இருப்பது கல்லூரி மைதானம் ஒன்றுதான். அதிலும் பந்தை வைத்துவிட்டுத் திரும்பினால் அது தன் பாட்டுக்கு நூலகத்தைப் பார்த்து உருளும். மற்ற தெருவெல்லாம் ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்கும்போதுதான் உயிர் போய் உயிர் வரும். அந்த நேரத்தில் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்தியிருக்கிற இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, "பாதி விடு, பாதி பிடி... ஹாஃப் கிளட்ச்... ஹாஃப் கிளட்ச்..." என்று தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பாள். பதினாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அதுவே அவள் பெயராகிவிட்டது. வயது நாற்பத்து நாலு. ஊரில் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். கல்லூரி முதல்வரே ஒருமுறை, "சார், கண்ணாடியில உங்க மீசையப் பாக்காதீங்க, பின்னால வர்ற லாரியப் பாருங்க" என்று அவள் வாயால் கேட்டவர்தான்.

அவள் கணவர் அந்தக் கல்லூரியின் தேர்வுத் துறையில் வினாத்தாளுக்குப் பிழை திருத்துகிறவர். வருஷத்தில் எட்டு மாதம் அவர் தலைக்குள், ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் தெரிந்துகொள்ளத் துடிக்கிற சங்கதிகள் இருக்கும். வாயைத் திறக்கக் கூடாது. அது பழகிப்போய், வீட்டில் "உப்பு போதுமா?" என்று கேட்டால்கூட, இதை வெளியே சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அவளோ மூச்சு விடுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேசுவாள். இருவருக்கும் ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அப்பா மாதிரி யோசித்து, அம்மா மாதிரி பேசுகிற பெண்.

கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் பதினோரு வாடகை வீடு பார்த்துவிட்டார்கள். குறை அவர்களிடம் இல்லை. கல்லூரி திறக்கிற மாதம் வந்தால் வீட்டுக்காரர்களுக்கு ஒருவிதக் காய்ச்சல் கண்டுவிடும். மூன்று பேர் குடியிருக்கிற வீட்டில் கட்டில் போட்டால் எட்டு மாணவர்கள் படுக்கலாம் என்ற கணக்கு அவர்களைத் தூங்க விடாது. அதனால் இவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த வீட்டில் பரீட்சைக் காலம் வந்தால், கீழே மெஷின் ஓடுகிற அதிர்வில் மேசை மேல் வைத்த டம்ளர் தானாக நடந்து ஓரத்துக்கு வரும். இன்னொரு வீட்டில் குளியலறைக்குப் போக வீட்டுக்காரரின் படுக்கையறை வழியாகத்தான் வழி. இரண்டு வருஷம் அவர் குறட்டையை எண்ணிக்கொண்டே பல் தேய்த்தார்கள்.

பதினோராவது வீட்டின் வீட்டுக்காரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்தாள்.

"நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க. நான் சும்மா பாத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஹாலில் நின்று விரல் விட்டு எண்ணினாள். "இங்க நாலு. அங்க மூணு. சமையல்கட்டுல ஒண்ணு போட முடியுமா?"

"போடலாம். கால மடக்கிப் படுக்கணும்" என்றாள் மகள்.

வீட்டுக்காரம்மா அதை நல்ல யோசனையாகவே எடுத்துக்கொண்டாள். வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குத்தான் ஹாஃப் கிளட்ச் சோற்றில் கை வைத்தபடி சொன்னாள். "போதும். இனி சொந்த வீடுதான்."

கணவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அவளுக்கு வீட்டுப் பித்துப் பிடித்துவிட்டது. கட்டின பணத்துக்குக் கார் பழக வந்த பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். "இங்க ஓரமா நிறுத்து" என்பாள். எதிரே 'வீடு விற்பனைக்கு' என்று அட்டை தொங்கும். "ரிவர்ஸ் எடு, இன்னும், இன்னும்" என்பாள். வண்டி போய் நிற்கிற இடத்திலிருந்து ஏதோ ஒரு வீட்டின் மொட்டை மாடி தெரியும். அந்த இரண்டு மாதத்தில் அவளிடம் பழகியவர்கள் எல்லோரும் பார்க்கிங்கில் புலியானார்கள்.

பார்த்த வீடுகளும் லேசுப்பட்டவை இல்லை. ஒரு வீட்டில் சமையலறைக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை நின்றது. மலையை உடைக்க முடியாமல் அதைச் சுற்றியே வீட்டைக் கட்டியிருந்தார்கள். "கோடையில ஜில்லுன்னு இருக்கும், சாஞ்சுக்கலாம்" என்றார் தரகர். இன்னொரு வீட்டில் 'மலைக் காட்சி' என்பதற்காக விலையைக் கூட்டிச் சொன்னார்கள். அந்தக் காட்சியைப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏறி, தலையை இடது பக்கம் சாய்க்க வேண்டும். வீடு பார்த்துவிட்டு வந்ததும் அவள் எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கணவர் சிரிப்பைக்கூட ரகசியம் மாதிரி கைக்குள் வைத்துக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் பேராசிரியர் அம்மா டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தார். தாவரவியல் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது. தனி ஆள். கையில் குடை, காலில் மலையேறுகிறவர்கள் போடுகிற தடித்த பூட்ஸ்.

"நான் கார் ஓட்டக் கத்துக்கணும். எங்க வீட்டுச் சந்துல ஏத்தணும். வேற எங்கயும் போக எனக்கு ஆசையில்ல" என்றார்.

ஹாஃப் கிளட்சுக்கு அந்தச் சந்து தெரியும். ஊரில் அவள் பாடம் எடுக்காத ஒரே சந்து. ஏணியைச் சுவரில் சாய்த்த மாதிரி ஏறி, பாதி வழியில் முழங்கையை மடக்கியதுபோல ஒரு வளைவு வளைந்து, மறுபடியும் ஏறும். வாடகைக் கார்க்காரர்கள் சந்து முனையிலேயே ஆளை இறக்கிவிட்டு ஓடிவிடுவார்கள்.

முதல் நாள் பாடம் முடிந்து, வீடு வரைக்கும் காரை ஹாஃப் கிளட்சே ஓட்டிக்கொண்டு போனாள். பேராசிரியர், "உள்ள வா, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். அவள் வாசல்படி தாண்டியதும் நின்றுவிட்டாள். மரத்தரை. சுவர் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னல் நிறைய மலை. எட்டிப் பார்க்க வேண்டாம், ஸ்டூல் வேண்டாம்; சோபாவில் உட்கார்ந்தால் மலையும் வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும்.

பேராசிரியர் கையில் கொடுத்த டம்ளரிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது அவளுக்கே தெரியவில்லை.

"பிடிச்சிருக்கா?" என்றார் பேராசிரியர்.

"பிடிச்சிருக்காவா? அம்மா, எனக்குத் தலை சுத்துது."

"என் முட்டி போயிடுச்சு. ரெண்டு கையிலயும் பையத் தூக்கிட்டு இந்தச் சந்த ஏற முடியல. நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். காரை நானே ஏத்திட்டா இங்கயே இருப்பேன். ஏத்த முடியலன்னா வித்துட்டுக் கீழ ஒரு ஃபிளாட்டுக்குப் போயிடுவேன்." அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். "வித்தா உனக்குத்தான். உங்களால முடிஞ்ச விலைக்கு."

ஹாஃப் கிளட்ச் அன்றைக்குச் சந்தில் இறங்கி வரும்போது வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கிளட்சைத் தவறவிட்டு எஞ்சினை அணைய விட்டாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மகள் கைகொட்டினாள். "அப்போ அந்தம்மா பெயிலானா நமக்கு வீடு. சொல்லிக்கொடுக்கறது யாரு? நீ. அம்மா, இதவிடச் சுலபமா யாரும் வீடு வாங்கியிருக்க முடியாது."

"வாய மூடு" என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாடம் நடந்தது. கீழே மைதானத்தில் பேராசிரியர் நன்றாகவே ஓட்டினார். சந்தில் வளைவைத் தாண்டியதும் நிறுத்தி எடுக்கும்போதுதான் சிக்கல். கிளட்சை வெடுக்கென்று விட்டுவிடுவார். எஞ்சின் அணையும், வண்டி பின்னால் உருளும், ஹாஃப் கிளட்ச் தன் பிரேக்கை மிதிப்பாள். வண்டி உருண்டு போகிற திக்கில், வளைவின் வெளிப்பக்கம் ஒரு வீடு இருந்தது. அங்கே ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். முதல் தடவை வண்டி உருண்டபோது சர்வேயர் வெளியே வந்து பார்த்தார். இரண்டாம் தடவை சாக்பீஸோடு வந்தார். பின்சக்கரம் நின்ற இடத்தில் கோடு போட்டு, தன் மதில் வரைக்கும் டேப்பால் அளந்து, நோட்டில் எழுதினார்.

"ஏழடி ரெண்டு அங்குலம்" என்றார் மறுநாள்.

"ஒண்ணும் ஆகாது சார், பிரேக் என் கால்ல இருக்கு" என்றாள் ஹாஃப் கிளட்ச்.

"நேத்து ஏழடி ஒம்பது அங்குலம். ஏழு அங்குலம் குறைஞ்சிருக்கு. இதே கணக்குல போனா இன்னும் பன்னெண்டு நாள்தான்."

அவர் மனைவி பின்னாலேயே ஒரு தட்டில் பிஸ்கட் கொண்டு வந்து காருக்குள் நீட்டினாள். அதற்குப் பிறகு வண்டி உருண்டு வருகிற ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் வந்தது. வண்டி எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறதோ அந்த அளவுக்குப் பிஸ்கட்டும் உயர்ந்த ரகமாக இருந்தது. ஐந்தடி வந்த அன்று க்ரீம் வைத்தது கிடைத்தது. ஏன் இந்த உபசாரம் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

ஐந்து வாரம் இப்படிப் போனது. பேராசிரியர் மனம் தளர ஆரம்பித்தார். "எனக்கு வராது போலிருக்கும்மா" என்று ஒருநாள் ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அப்போதுதான் ஹாஃப் கிளட்சின் கண் கீழே போனது. அந்தத் தடித்த பூட்ஸ். இரண்டு விரல் மொத்தத்துக்கு அடிப்பாகம். அதைப் போட்டுக்கொண்டு மிதித்தால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பது பாதத்துக்கு எப்படித் தெரியும்? இரும்புக் கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. இத்தனை நாள் இது எப்படித் தன் கண்ணில் படாமல் போனது? வீட்டு யோசனையில் கண் ஜன்னல் பக்கமே இருந்துவிட்டதோ என்று நினைத்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து, மேலே அந்தப் பெரிய ஜன்னல் வெயிலில் பளிச்சென்று மின்னியது.

"இன்னைக்குப் போதும்மா. நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.

அன்று அவள் வீட்டில் பேசவில்லை. அந்த வீட்டில் அவள் பேசாவிட்டால் கரண்ட் போன மாதிரி இருக்கும். மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கணவர் காய் நறுக்குகிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் பொய் சொல்ல வேண்டாம். கெடுதல் பண்ண வேண்டாம். சும்மா இருந்தா போதும். இன்னும் ரெண்டு வாரம் சும்மா இருந்தா அந்த ஜன்னல் நமக்கு."

அவர் நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கென்ன, வாயத் திறக்காம இருந்தே பழக்கம்" என்றாள்.

"வினாத்தாள் வருஷத்துக்கு எட்டு மாசம் என் கையில இருக்கு" என்றார் அவர். "ஒரு கேள்வி வெளிய போயிருக்கா?"

"யாராவது உங்ககிட்டக் கேட்டாத்தானே?"

"கேட்டிருக்காங்க."

"யாரு?"

"உன் தம்பி. காலேஜ்ல சேர்ந்த வருஷம். கணக்குப் பேப்பர்."

"சொல்லியிருந்தா பாஸாகியிருப்பானே அவன்" என்றாள் அவள் கோபமாக. சொன்ன வேகத்திலேயே தன் பேச்சு தன் காதில் விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் சிரித்தார், இந்தத் தடவை சத்தமாகவே. மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, அப்பா சிரிக்கிற சத்தம் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள்.

மறுநாள் காலை வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஹாஃப் கிளட்ச் சொன்னாள். "அம்மா, பூட்ஸக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கழட்டுங்கம்மா. என் மனசு மாறறதுக்குள்ள."

பேராசிரியர் வெறுங்காலை கிளட்சில் வைத்தார். முகம் மாறியது. "அட, இது துடிக்குதே" என்றார். ஏதோ ஒரு பறவைக் குஞ்சைத் தொட்டுவிட்டவர் மாதிரி.

"அதேதான். அந்தத் துடிப்பத்தான் நான் அஞ்சு வாரமா ஹாஃப் கிளட்ச், ஹாஃப் கிளட்ச்னு கத்திட்டிருந்தேன்."

வண்டி ஒரு நூல்கூடப் பின்னால் வரவில்லை. முனகிக்கொண்டே ஏறியது, வளைவைத் தாண்டியது, மேலே வாசலில் போய் நின்றது. பேராசிரியர் மறுபடி இறக்கி மறுபடி ஏற்றினார். நாலு தடவை. நாலாவது தடவை ஹாரன் வேறு அடித்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்கள். ஹாஃப் கிளட்சின் கண்ணில் வந்ததில் பாதி வேறு கணக்கு. ஆனால் பாதிதான். தன் கைபட்டு ஒருத்தர் ஏற்றம் ஏறுகிறதைப் பார்க்கிற சந்தோஷம் பதினாறு வருஷமாகியும் அவளுக்குக் குறையவில்லை.

கீழே சர்வேயர் சாக்பீஸும் கையுமாக, அளக்க ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

பேராசிரியருக்கு லைசென்ஸ் வந்தது. மஞ்சள் நிறத்தில் பழைய கார் ஒன்று வாங்கினார். வீடு விற்கிற பேச்சு போயே போய்விட்டது. ஹாஃப் கிளட்ச் வீட்டைக் காலி செய்ய இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. பக்கத்து ஊரிலிருந்த நாத்தனார் போனில், "என்ன அண்ணி, வீடு பாத்தாச்சா, இல்ல பன்னெண்டாவது வாடகையா?" என்று விசாரித்தாள். "டஜன் ஆகட்டும்னு பாக்கறேன்" என்றாள் இவள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் டிரைவிங் ஸ்கூல் வாசலில் சர்வேயர் வந்து நின்றார். கையில் அந்த நோட்டு. பின்னால் அவர் மனைவி. புகார் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஹாஃப் கிளட்ச் எழுந்து நின்றாள்.

"முப்பத்தொரு பதிவு" என்று அவர் நோட்டைப் பிரித்தார். "குறைஞ்ச தூரம் நாலடி மூணு அங்குலம்."

"அதான் இப்போ அவங்க நல்லா ஓட்டறாங்களே சார்."

"அதுதான் பிரச்சனை. இத்தனை நாளா பிரேக்ல உன் கால் இருந்துது. நான் நிம்மதியா அளந்துட்டிருந்தேன். இனிமே அந்தம்மா தனியா வருவாங்க. காய்கறி வாங்க வருவாங்க. மழையில வருவாங்க. நேத்து ஹாரன் அடிச்சிக்கிட்டே ஒத்தக் கையால எனக்கு வணக்கம் வேற சொன்னாங்க." அவர் மூச்சு வாங்கினார். "நான் ஆயுசு பூரா சரிவ அளந்தவன். கடைசிக் காலத்துலயாவது உருளாத தரையில இருக்கணும். வீட்டை விக்கறேன். அந்த வளைவுல பயமில்லாம குடியிருக்கக்கூடிய ஒரே ஆள் இந்த ஊர்ல நீதான். அதான் முதல்ல உங்கிட்ட வந்தேன்."

ஹாஃப் கிளட்ச் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சர்வேயர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவர் மனைவி அவள் காதோரம் குனிந்தாள். "ஒம்பது வருஷமா சொல்றேம்மா, பொண்ணு இருக்கற ஊருக்குப் போயிடலாம், அங்க தரை தட்டு மாதிரி இருக்கும்னு. அசையலியே மனுஷன். நீங்க வந்தப்புறம்தான் அசஞ்சாரு." குரல் இன்னும் தணிந்தது. "மதிலைக் கொஞ்சம் உரசியிருந்தா முன்னாடியே காரியம் முடிஞ்சிருக்கும். உன் கால் ரொம்ப கெட்டி."

அன்று சாயங்காலம் மூன்று பேரும் வீட்டைப் பார்க்கப் போனார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆகா என்று சொல்ல ஒன்றும் இல்லை. வளைவின் வடிவத்துக்கே மனை அமைந்திருந்ததால் வீடும் வெட்டின கேக் துண்டு மாதிரி, முன்னால் குறுகி, பின்னால் விரிந்து இருந்தது. ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவர் வீட்டில் ஒரு மூலைகூட நேர் மூலை இல்லை. கூடத்தில் ஒரு பக்கம் மூன்று பேர் நிற்கலாம், எதிர்ப்பக்கம் பத்துப் பேர். பின்னறை சரியான முக்கோணம். மகள் அதன் நடுவில் போய் நின்று கையை விரித்து, "இது எனக்கு" என்றாள். "இதுல எட்டு கட்டில் போட முடியாது. ஒண்ணு போடறதே கஷ்டம். யாரும் நம்மள எழுப்ப மாட்டாங்க."

ஹாஃப் கிளட்ச் அறை அறையாகப் போனாள். பின்கதவைத் திறந்தாள். கதவுக்கு வெளியே பத்தடிக்கு ஒரு சின்ன முற்றம். அதற்கப்புறம் மலை. இந்த வீட்டில் மலையைப் பார்க்க ஜன்னல் தேவையில்லை. கையை நீட்டினால் தொடலாம். பாறையிலிருந்து ஒரு ஊற்று கசிந்து, சுவரோரமாகச் சின்னதாக ஓடியது. அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் யோசிக்கவே இல்லை. "வாங்கிடலாம்" என்றார். அதுவும் அவள் கேட்பதற்கு முன்னால்.

கடனுக்காக வங்கிக்குப் போனாள். மேலாளர் நாற்காலியில் இருந்தவர் அவளிடம் ஓட்டப் பழகி, மூன்று தடவை டெஸ்டில் தோற்று நாலாவது தடவை ஜெயித்தவர். அவள் எதிரே வந்து உட்கார்ந்ததும் மேசைக்கடியில் அவர் இடது கால் தானாக எதையோ மிதித்தது.

"பயப்படாதீங்க, இன்னைக்கு ஓட்டப்போறது நீங்க. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், அவ்வளவுதான்" என்றாள் அவள்.

"கையெழுத்து எங்க போடணும்னு நான் காட்டறேன் டீச்சர்" என்றார் அவர். வாழ்க்கையில் ஒருமுறையாவது அவளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கக் கிடைத்ததில் அவருக்கு முகமெல்லாம் பல்.

பத்திரத்தின் நகல் வீட்டுக்கு வந்தது. கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். பதினேழு பிழை கண்டுபிடித்தார். அதில் ஒன்று அவருடைய அப்பா பெயர். எல்லாவற்றையும் திருத்திவிட்டு, நான்கு எல்லை எழுதியிருக்கிற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இங்க வா" என்று கூப்பிட்டார். அவள் மாவுக் கையோடு வந்தாள். அவர் சத்தமாக வாசித்தார்.

"கிழக்கே சந்து. தெற்கே சந்து. மேற்கே பேராசிரியர் வீட்டு மதில். வடக்கே மலை."

"இன்னொரு தடவை படிங்க."

"வடக்கே மலை."

"அவ்வளவுதானா? மலைன்னு மட்டுமா போட்டிருக்கு?"

"மலைன்னுதான் போட்டிருக்கு. இதுல பிழை எதுவும் இல்ல."

அவள் மாவுக் கையாலேயே அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்று முழுக்க அந்த வீட்டில் மூன்று பேரும் சம்பந்தமில்லாமல் "வடக்கே மலை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மகள் கணக்குப் பரீட்சைக்குப் படிக்கும்போது நடுவில் சொன்னாள். கணவர் பல் தேய்க்கும்போது நுரையோடு சொன்னார்.

குடிபோகிற நாளில் லாரிக்காரர் சந்து முனையைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். சாமான் முழுக்கத் தெருவில் இறங்கிவிட்டது. ஹாஃப் கிளட்ச் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் செய்தி எப்படியோ பரவியிருந்தது. பல் டாக்டர் வந்தார். தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். வங்கி மேலாளர், வரலாற்றுத் துறையிலிருந்து இரண்டு பேர், ஜெராக்ஸ் கடைக்காரர் என்று அவளிடம் ஓட்டப் பழகினவர்களாக முப்பது பேர் சந்து நெடுக வரிசையாக நின்றார்கள். சாமான் கைக்குக் கை மாறி ஏறியது. அலமாரி வளைவில் சிக்கிக்கொண்டு முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. அதைப் பிடித்திருந்த நாலு பேரும் ஒரே குரலில், "பாதி விடு, பாதி பிடி" என்று சொல்லிக்கொண்டே திருப்பினார்கள். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுந்திருக்கவே முடியவில்லை.

மெத்தை மட்டும் கடைசிவரைக்கும் கீழேயே கிடந்தது. மஞ்சள் கார் வந்தது. பேராசிரியர் மெத்தையைக் கூரையில் கட்டச் சொல்லி, சந்தில் ஏறினார். சரியாக வளைவு தாண்டினதும், வேண்டுமென்றே நிறுத்தினார். முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி உருளவில்லை. மெத்தை லேசாக ஆடியது. பிறகு வண்டி நிதானமாக நகர்ந்து வாசலில் வந்து நின்றது. பேராசிரியர் வெறுங்காலோடு இறங்கி, பாராட்டு விழாவில் மாலைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

எல்லோரும் போன பிறகு மகள் தன் முக்கோண அறையில் அட்டைப்பெட்டிகளைச் சுவரோரமாக அடுக்கினாள். பிரிக்கவில்லை. ஒவ்வொரு வீடு மாறும்போதும் அதே பெட்டிகள்தான். மேலே எழுதியிருந்த அறைகளின் பெயர் அடித்து அடித்து, எழுத இடமில்லாமல் கறுத்துப்போயிருந்தது. பாதிச் சாமானைப் பெட்டியிலேயே வைத்திருப்பது அவளுக்கு வழக்கம். அடுத்த தடவை கட்டுகிற வேலை மிச்சம்.

"அம்மா, இங்க எத்தனை வருஷம் இருப்போம்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

ஹாஃப் கிளட்ச் ஒரு பெட்டியை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். புத்தகம், ஒற்றைக் கையுறை, பழைய ரிப்பன், காணாமல் போனதாக நாலு வருஷம் தேடின கத்தரிக்கோல் எல்லாம் தரையில் கொட்டியது. வெறும் பெட்டியைக் கீழே போட்டு, அதன் மேல் ஏறிக் குதித்தாள். அது தட்டையாகும் வரைக்கும் குதித்தாள். மகள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவளும் ஒன்றைக் கவிழ்த்து ஏறிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வந்த கணவர் வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பெரிய பெட்டியாகப் பார்த்து ஒன்றை இழுத்துப் போட்டார்.